ஷட்டவுன் வாரத்தில் பிள்ளை வேண்டாம்

பிரபு,

அப்பாதான் எழுதுகிறேன். போனில் சொல்லிவிட்டுப் போகாமல் இதென்ன கடிதம் என்று கேட்பாய். போனில் நீ எங்கே கேட்கிறாய்? நான் வாயைத் திறப்பதற்குள் "சரிப்பா, சரிப்பா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். புது பிளான்ட் ஆரம்பிக்க உன்னைக் குஜராத்துக்கு அனுப்பியதிலிருந்து உன்னோடு ஒரு முழுப் பேச்சு பேசியதில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். காலை ஷிப்டுக்கு ஆட்களை இறக்கிவிட்டால், பழைய ஷிப்ட் வெளியே வந்து ஏறும்வரை ஒரகடத்தில் எனக்குச் சும்மா கிடக்கிற நேரம்தான். பஸ்ஸிலேயே உட்கார்ந்து, ஸ்டியரிங் மேல் அட்டையை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோழி கிளறிய மாதிரிதான் இருக்கும், பொறுத்துக்கொள்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டுச் சொன்னது இது. "குன்றத்தூர்ல அதே நர்சிங் ஹோம்ல பேசிட்டேன்பா. ஷட்டவுன் வாரம், புதன்கிழமை, எமகண்டம் முடிஞ்ச கையோட ஆபரேஷன். நான் செவ்வாய்க்கிழமை வந்துடுவேன். செல்வி இன்னாவோ நார்மல் டெலிவரின்னு ஒளறிக்கினு கீறா. நீ கொஞ்சம் எடுத்துச் சொல்லு." சரி என்றேன். ஆனால் நான் அவளிடம் எதுவும் எடுத்துச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று உனக்குச் சொல்லத்தான் இவ்வளவும்.

உன் அம்மா இருந்திருந்தால் இந்தப் பேச்சு என் காதுக்கே வந்திருக்காது. மகன் பெண்டாட்டியின் பேறுகாலத்தைப் பற்றி அவனுக்கே எழுதுகிற அப்பன் ஊரில் எவனும் இருக்கமாட்டான். எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் செல்வி கேட்டது என்னிடம். அவளுக்கு இங்கே வேறு யார் இருக்கிறார்கள்? தென்காசிப் பக்கத்திலிருந்து போன் கம்பெனி வேலைக்கு வந்து, ஹாஸ்டலில் தங்கி, என் பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் இருக்கும் சீட்டில் தினமும் தூங்கிக்கொண்டே வந்த பெண். பஸ்ஸில் ஏற்றி இறக்கியவன் நான், வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தவன் நீ. அவள் அம்மாவுக்குப் போன் போட்டால், "ரெண்டு தடவ கீறியாச்சு, மூணாவதையும் கீறி எடுத்திருங்க, எதுக்கு வம்பு" என்கிறாராம். அதற்கப்புறம்தான் என்னிடம் வந்தாள்.

பேத்தி யாழினி பள்ளிக்கூடம் போயிருந்தாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். செல்வி எனக்குக் குழம்பு ஊற்றிவிட்டு, கரண்டியைக் கீழே வைக்காமல் நின்றாள்.

"மாமா, ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். கோவப்படக் கூடாது."

"இன்னாம்மா, சொல்லு."

"பெரியாஸ்பத்திரிக்கு என்னக் கூட்டிட்டுப் போவியளா? ரெண்டு ஆபரேஷனுக்குப் பொறவும் சாதாரணமாப் பெத்துக்கிட முடியுமான்னு ஒரு வார்த்த கேட்டுட்டு வந்திருவோம்."

"இன்னாத்துக்கும்மா இந்த விஷப்பரீட்சை? வூட்ல ஒரு கொழந்த கீது. உனக்கு ஒண்ணுன்னா அத யாரு பாத்துக்குவா?" என்றேன். அவள் அழவில்லை. பத்து மணி பஸ்ஸைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"எனக்கு வலி வரணும் மாமா. ரெண்டு புள்ளைக்கும் ஒரு வலியும் வரல. நல்லா நடந்துபோயி நானே மேச மேல ஏறிப் படுத்தேன். முதுகுல ஊசியப் போட்டாவ. இடுப்புக்குக் கீழ எனக்கில்லாத மாதிரி மரத்துக் கெடந்துச்சு. சின்னவன் வந்ததும் எனக்குத் தெரியல, போனதும் எனக்குத் தெரியல. இந்தப் புள்ளையாவது வரும்போது எனக்குத் தெரியணும்."

நான் கையைக் கழுவிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு டூட்டிக்குப் போய்விட்டேன். இருங்காட்டுக்கோட்டை வரைக்கும் பஸ்ஸில் பெண்கள் ஏதோ சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார்கள், ஒன்றும் என் காதில் ஏறவில்லை. நீ நினைப்பதுபோல அவள் உளறவில்லை பிரபு. இத்தனை நாளில் நம் வீட்டில் மூன்று பேரில் ஒருத்தர் அவனைப் பற்றி வாயைத் திறந்தது அன்றைக்குத்தான்.

ஷட்டவுன் என்றால் இந்த ரோட்டில் இருக்கிறவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. வருஷத்துக்கு ஒரு வாரம் லைனை நிறுத்தி மெஷின்களைப் பிரித்துப் போடுவார்கள், எல்லோருக்கும் ஒன்றாக லீவு. மற்ற நாளில் தலைகீழாக நின்றாலும் லீவு கிடைக்காது. அதனால் நம் பக்கம் காதுகுத்தும் அந்த வாரத்தில்தான், வீடு கிரகப்பிரவேசமும் அந்த வாரத்தில்தான். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் அந்த வாரம் எந்த மண்டபமும் காலியாக இருக்காது. கண் ஆபரேஷன், மூலம் ஆபரேஷன் எல்லாம்கூட அப்போதுதான். யாழினி வயிற்றில் இருந்தபோது, பிரசவத்தையும் அந்த வாரத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று நமக்குத் தோன்றியதில் ஆச்சரியமில்லை. தேதி போட்டுக்கொள்ளலாமா என்று நாம் கேட்டோம், போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். உன் சித்தப்பா ஜோசியரிடம் போய் நேரம் வாங்கிக்கொண்டு வந்தார். நீ பக்கத்தில் இருந்தாய், குழந்தையை முதலில் கையில் வாங்கினாய், போட்டோ எடுத்தாய். நான் லட்டு வாங்கி டிப்போ முழுக்கக் கொடுத்தேன். பார்த்தவன் எல்லாம் "சூப்பர் ப்ளானிங்ணா" என்றான். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை.

சின்னவனுக்கும் அப்படியே செய்தோம். ஒருமுறை ஆபரேஷன் என்றால் அடுத்ததும் ஆபரேஷன்தான் என்று எல்லோரும் சொன்னார்கள், நாமும் வேறெதுவும் கேட்கவில்லை. ஆனால் அந்தத் தடவை ஷட்டவுன் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டது. "இன்னும் ரெண்டு வாரம் போகட்டுமே" என்று அந்த டாக்டரம்மாவே ஒரு வார்த்தை சொன்னார். நீ, "ரெண்டு வாரம் கழிச்சு எனக்கு லீவு கெடைக்காது மேடம்" என்றாய். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவர் என்னைப் பார்த்தார், நான் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான் நடந்தது. சண்டையும் இல்லை, கட்டாயமும் இல்லை. குழந்தைக்கு மூச்சு சரியாக வரவில்லை, நுரையீரல் இன்னும் தேறவில்லை என்று வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். தேதியால்தான் போனான் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. முழு மாதம் இருந்து பிறந்த பிள்ளைக்குக்கூடச் சிலசமயம் இப்படி ஆகும் என்றார்கள். ஆனால் தேதியால் இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை பிரபு. இதை உன்மேல் தூக்கிப் போடுவதற்காக எழுதவில்லை. அந்த அறையில் நான்கு பேர் இருந்தோம். செல்வியை மட்டும் யாரும் எதுவும் கேட்கவில்லை.

செல்வி என்னிடம் கேட்ட மூன்றாம் நாள் லீவு போட்டு அவளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பெண்கள் பகுதி. நான் ஒருத்தன்தான் நரைத்த தலையோடு சுவரோரமாக நின்றேன். "பெரியவரே, ஆம்பளைங்கள்லாம் வெளிய" என்று ஒரு அம்மா விரட்டினார். செல்வி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க மாமாதான். அவிய வரட்டும்" என்றாள். உள்ளே டாக்டருக்கு உன் வயதுதான் இருக்கும். வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், ஸ்கேனைப் பார்த்தார், அப்புறம் கேட்டார்.

"மொதல் ஆபரேஷன் எதுக்காகப் பண்ணாங்கம்மா? தலை எறங்கலையா, குழந்தைக்குத் துடிப்பு கொறஞ்சுதா, உங்களுக்குப் பிரஷரா?"

செல்வி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சுவரில் ஒட்டியிருந்த தாய்ப்பால் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஷட்டவுன் மேடம்" என்றாள்.

"என்னது?"

"அவிய கம்பெனில ஷட்டவுன் மேடம். அந்த வாரந்தான் லீவு."

"ரெண்டாவது?"

"அதுவும் ஷட்டவுன்தான் மேடம்."

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "உங்க ரோட்டுல இருந்து வர்றவங்ககிட்ட இதை நான் மொதல் தடவையா கேக்கலம்மா" என்று மட்டும் சொன்னார். எனக்குக் கோபமோ அவமானமோ ஏதாவது வந்திருக்க வேண்டும். ஒன்றும் வரவில்லை. மழையில் ஊறின விரலைக் கிள்ளுகிற மாதிரி இருந்தது. கிள்ளுகிறார்கள் என்று மட்டும் தெரிந்தது.

அவர் சொன்னதை எனக்கு விளங்கியவரை அப்படியே எழுதுகிறேன், பாதியில் விடாமல் படி. இரண்டு ஆபரேஷனுக்குப் பிறகு சாதாரணமாகப் பெற்றுக்கொள்வது எல்லோருக்கும் முடியாது, சிலருக்கு முடியும். வலி எடுக்கும்போது கர்ப்பப்பையில் இருக்கிற பழைய தையல் பிரிந்துவிடுகிற ஆபத்து இருக்கிறது. அடிக்கடி நடப்பதில்லை, ஆனால் நடந்துவிட்டால் தாய்க்கும் பிள்ளைக்கும் உயிருக்கே ஆபத்து, நிமிஷக் கணக்கில் வயிற்றைத் திறந்தாக வேண்டும். அதனால் ஆபரேஷன் தியேட்டரும் ரத்தமும் மயக்க டாக்டரும் எந்நேரமும் இருக்கிற இடத்தில் மட்டும்தான் இதை யோசிக்கவே வேண்டும். வலியை வரவழைக்க மருந்து கொடுத்து முடுக்கமாட்டார்கள், தானாக வர வேண்டும். மூன்றாவது ஆபரேஷன் மட்டும் ஆபத்தில்லாததா என்றால் அதுவும் இல்லை. உள்ளே குடலும் மூத்திரப்பையும் ஒட்டிக்கொண்டிருக்கும், ரத்தம் அதிகம் போகலாம், அடுத்த பிள்ளைக்கு நஞ்சுக்கொடி தழும்பிலேயே பதியலாம். "பெரும்பாலும் ரெண்டு சிசேரியனுக்கு அப்புறம் நாங்க ஆபரேஷன்தான் சொல்வோம். உங்களுக்கு நஞ்சு மேல இருக்கு, தழும்பு குறுக்குல இருக்கு, அதனால இப்பவே முடியாதுன்னு சொல்லல. கடைசில பாத்துட்டு வேணாம்னு சொன்னாலும் சொல்வேன், அப்ப என்கிட்ட சண்டைக்கு வரக் கூடாது" என்றார்.

செல்வி, "வரமாட்டேன் மேடம்" என்றாள்.

"ஆபரேஷனாவே இருந்தாலும், காரணமில்லாம முப்பத்தொம்பது வாரத்துக்கு முன்னாடி எடுக்க நான் ஒத்துக்கமாட்டேன். வீட்டுக்காரர் எங்க? இதை அவர் ஒக்காந்து கேக்கணும். மாமனாருக்குச் சொல்லி அனுப்புற விஷயமா இது?"

அந்தக் கேள்வியை அப்படியே உனக்குத்தான் அனுப்பி வைக்கிறேன். நீ வாங்கியிருக்கிற புதன்கிழமையை எண்ணிப் பார், முப்பத்தாறு வாரம்தான் ஆகியிருக்கும். சின்னவனைவிட இன்னும் முன்னால்.

திரும்பி வரும்போது போரூர் தாண்டி டிராபிக்கில் மாட்டிக்கொண்டோம். நான்தான் கேட்டேன், "பயமா கீதாம்மா?" என்று. "பயமாத்தான் இருக்கு மாமா. ரெண்டுக்குந்தான் பயமாருக்கு. டாக்டர் வெட்டணும்னு சொன்னா வெட்டிக்கிடுதேன். நான் ஒண்ணும் அடம் புடிக்கல. ஆனா புள்ள எப்ப வரும்னு புள்ள சொல்லட்டும், கம்பெனி சொல்ல வேண்டாம்" என்றாள். அப்புறம் பசிக்கிறது என்றாள். இட்லி வாங்கிக் கொடுத்தேன், நன்றாகச் சாப்பிட்டாள்.

வலி வந்து பெற்றால்தான் தாய் என்று கிழவன் பழைய கதை அளக்கிறான் என்று நினைத்துக்கொள்ளாதே. உன்னை உன் அம்மா அப்படித்தான் பெற்றாள். செம்பரம்பாக்கம் கரையோரமாகத் தெரிந்தவர் டெம்போவில் படுக்கவைத்துக் கூட்டிக்கொண்டு போனேன். வழி முழுக்க என்னையும் என் வம்சத்தையும் வண்டைவண்டையாகத் திட்டிக்கொண்டே வந்தாள். நீ பிறந்த பிறகு ரத்தம் நிற்கவில்லை, எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அன்றைக்கு ஒரு நல்ல டாக்டர் இல்லையென்றால் உனக்கு அம்மாவே இருந்திருக்கமாட்டாள். அதனால் எனக்கு ஆபரேஷன்மேல் ஒரு கோபமும் கிடையாது. செல்விக்கு எது நல்லது என்று சொல்ல எனக்குப் படிப்பும் கிடையாது. அதைச் சொல்ல டாக்டர் இருக்கிறார், கேட்க நீங்கள் இரண்டு பேர் இருக்கிறீர்கள். நான் கேட்பது வேறு. எதற்காகக் கீறினார்கள் என்று நாளைக்கு யாராவது கேட்டால், அவள் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும்.

கோபப்படுவாய், படு. நேற்று நர்சிங் ஹோமுக்குப் போய் நீ வாங்கின தேதி வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். உன்னைக் கேட்டுவிட்டுச் செய்திருக்கலாம். கேட்டால் நீ "சரிப்பா" என்றிருக்கமாட்டாய், நானும் வழக்கம்போலத் தலையை ஆட்டியிருப்பேன். கவுண்டரில் இருந்த பெண், "வேற தேதி போடட்டுங்களா?" என்றாள். "தேதி வோணாம்மா" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. கடைசி மாதத்துக்குச் செல்வி பெரியாஸ்பத்திரி பக்கத்திலேயே இருந்துவிடலாம் என்று, கீழ்ப்பாக்கத்தில் உன் பெரியம்மா வீட்டில் பேசிவிட்டேன். யாழினியை நான் பார்த்துக்கொள்வேன். ஜடை பின்ன இப்போதே பழகுகிறேன், வரத்தான் மாட்டேன் என்கிறது, ஒரு பக்கம் மேலேயும் ஒரு பக்கம் கீழேயுமாகப் பள்ளிக்கூடம் போகிறாள்.

இன்னும் ஒன்று. இதைச் சொல்லத்தான் இத்தனை பக்கம் சுற்றிக்கொண்டு வந்தேன் போலிருக்கிறது. சின்னவன் பிறந்த அந்த ஷட்டவுன் ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்தது, திங்கட்கிழமை நீ முதல் ஷிப்டுக்குப் போனாய். போகாதே என்று நானும் சொல்லவில்லை, குழந்தைக்குக் கொஞ்சம் தேவலை என்றுதான் சொல்லியிருந்தார்கள். காலையில் என்னை உள்ளே கூப்பிட்டார்கள். உன் போன் லாக்கரில் இருந்தது. கம்பெனி கேட்டுக்குப் போன் போட்டேன். "லைன்ல இருக்கிறவரை நடுவுல கூப்ட முடியாதுங்க, டீ பிரேக்ல சொல்லிடறோம்" என்றார்கள். கேட்டில் இருந்த பையன்மேல் தப்பில்லை, அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். நீ வந்து சேர்ந்தபோது அவனைத் துணியில் சுற்றியாகிவிட்டது. நீ முகத்தைத் திறந்து பார்க்கவில்லை. காட்டட்டுமா என்று நானும் கேட்கவில்லை. செல்வியோ தையலோடு நர்சிங் ஹோமில் படுத்துக்கிடந்தாள். அவள் அவனைத் தியேட்டரில் ஒருமுறை பார்த்ததுதான், அதுவும் தூரத்திலிருந்து.

நான் பார்த்தேன். டியூபை எல்லாம் எடுத்த பிறகு என் கையில் கொடுத்தார்கள். உன் காதுதான் அவனுக்கு, வெளியே விரிந்த காது. நெற்றியில் பூனைமுடி இருந்தது. வலது கை மட்டும் மூடியிருந்தது, என் விரலை உள்ளே விட்டுப் பார்த்தேன், இன்னும் சூடு இருந்தது. நான் அழவில்லை. இன்றைக்குவரை அழவில்லை. மறுநாள் காலையில் பஸ்ஸை எடுத்துக்கொண்டு ஷிப்டுக்கு ஆள் ஏற்றப் போய்விட்டேன். அவன் வருவதற்கு லீவு பார்த்துத் தேதி போட்ட அப்பன் நீ, வழியனுப்பும்போது லைனில் நின்றுகொண்டிருந்தாய். தேதி போட்டும் நடந்தது இதுதான் பிரபு.

இந்தப் பிள்ளைக்கு வலி என்றைக்கு எடுக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. டாக்டர் கடைசியில் கீறத்தான் வேண்டும் என்று சொன்னாலும் அது ஷட்டவுன் வாரமாக இருக்காது. புது லைன், நீதான் ட்ரெயினர், மானேஜர் முகத்தைச் சுளிப்பான், ப்ரமோஷன் போகும் என்பான். எல்லாம் எனக்குத் தெரியும். வலி எடுப்பதற்கு முன்னால் ஒருநாள் வந்து அந்த டாக்டர் முன்னால் அவளோடு உட்கார். அப்புறம் நான் கூப்பிடுகிற அன்றைக்கு வா. லீவு கிடைக்காது. வா.